சரிங்க டாக்டர்

தனக்குக் கர்ப்பப்பை இல்லை என்பது மதிவதனிக்கு முப்பது வயதில்தான் தெரியவந்தது.

காப்பகத்தை விட்டு வெளியே வந்து ஈரோட்டில் தனி வீட்டில் குடியேறியதும், அங்கே தினமும் விழுங்க வைத்த வெள்ளை மாத்திரையை அவள் நிறுத்தினாள். மாதவிலக்கு வராமல் இருப்பதற்காக அந்த மாத்திரை என்று சொல்லியிருந்தார்கள். நிறுத்தினால் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மின்சாரச் சக்கர நாற்காலியை ஓட்டிக்கொண்டு ஸ்கேன் எடுக்கப் போனாள்.

அங்கிருந்த இளம் டாக்டரம்மா திரையைப் பார்த்தாள். கருவியை நகர்த்தி வைத்து மறுபடியும் பார்த்தாள்.

"எந்த வயசுலங்க எடுத்தாங்க?"

வதனிக்குப் பேச நேரம் பிடிக்கும். பிறக்கும்போது மூளைக்குக் காற்றுப் போகாததால் கை, கால், நாக்கு எதுவும் அவள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஒரு சொல்லை உருட்டி வெளியே தள்ளுவதற்குள் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். கேட்கிறவர்கள் பாதியிலேயே புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இந்த டாக்டரம்மா நகரவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதை?" என்று கேட்டு முடித்தாள் வதனி.

டாக்டரம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

இருபத்திரண்டு வயதில் வயிற்று வலி என்று தூக்கிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்தார்கள். அப்பெண்டிஸ் என்றார்கள். வதனியும் நம்பினாள். காப்பகத்தில் அப்படி ஆபரேஷன் ஆன பெண்கள் இன்னும் பலர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் அப்பெண்டிஸ்தானா என்று யாரும் யோசித்ததில்லை. அந்த வெள்ளை மாத்திரை வெறும் சுண்ணாம்புச்சத்து என்று ஸ்கேன் எடுத்த அன்று சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் சொன்னார்.

பிள்ளை பெற வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால், அந்த முடிவு அவளுடையதாக இருந்திருக்கும். அதையும் சேர்த்து அறுத்து எடுத்திருந்தார்கள்.

யார் சம்மதத்தில் எடுத்தார்கள் என்று விசாரித்தபோது, அவளுடைய சம்மதத்தில்தான் என்று பதில் வந்தது. பதிலி சரி என்று சொல்லியிருந்தது.

அந்த நாட்களில் பதிலி இல்லாத காப்பகமே கிடையாது. பேச முடியாதவர்கள், பேச்சுப் புரியாதவர்கள், பதில் சொல்ல நேரம் எடுப்பவர்கள், இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் இயந்திரம். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். மாதக்கணக்கில் கட்டிலுக்கு மேலே தொங்கிக்கொண்டு அந்த ஆள் பேசுவதை, முனகுவதை, அழுவதையெல்லாம் கேட்டுக் கற்றுக்கொள்ளும். அப்புறம் அந்த ஆளைக் கேட்க வேண்டிய கேள்வியைப் பதிலியிடம் கேட்டால் போதும். அவர் என்ன சொல்லியிருப்பாரோ அதை அவருடைய குரலிலேயே, திக்கல் திணறல் இல்லாமல், சட்டென்று சொல்லிவிடும். ஊமைகளுக்கு வாய் கிடைத்தது என்று பத்திரிகைகள் கொண்டாடின. பதிலியின் சொல் அந்த ஆளின் சொல்லுக்குச் சமம் என்று சட்டமும் வந்தது.

தண்ணிழல் காப்பகத்தில் வதனியின் பதிலிக்குப் பயிற்சி கொடுத்தவர் அதன் இயக்குநர் டாக்டர் ஈஸ்வரமூர்த்தி. அப்போது வதனிக்குப் பத்தொன்பது வயது. ஆபரேஷனுக்குச் சம்மதமா என்று பதிலியைக் கேட்டவரும் அவர்தான்.

சட்டம் பின்னால் மாறியது. பெரிய காப்பகங்களை மூடி, இருந்தவர்களைச் சிறு வீடுகளில் குடிவைத்தார்கள். அவரவர் பதிலியை அவரவரிடமே ஒப்படைத்தார்கள். வதனி தன்னுடையதைத் துணி அலமாரிக்குள் போட்டு மூடி வைத்திருந்தாள்.

வெளியே வந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை வகுப்பு நடந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று தானே தெரிந்துகொள்வது, அதைத் தானே கேட்டு வாங்குவது, இவ்வளவுதான் பாடம். நடத்தியவள் ஷாகிதா. பிறவியிலேயே பார்வை இல்லாதவள், காது கத்தி மாதிரி. வதனியின் பேச்சைப் பழகிய ஒரே வாரத்தில் ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டவள் அவள்தான்.

வகுப்பில் ஆளுக்கொரு இலக்கு வைத்திருந்தார்கள். ஒருவருக்குத் தனியாகப் பஸ் ஏறிப் பவானி போக வேண்டும். ஒருத்திக்குத் தன் அறைக்குத் தன்னிடம் ஒரு சாவி வேண்டும்.

"உனக்கு, வதனி?"

"பழி வாங்கணும்."

மேலிடத்தில் கேள்வி கேட்பார்கள் என்று ஷாகிதாவுக்குத் தெரியும். ஆனால் யாருடைய இலக்கையும் திருத்துவதில்லை என்று முதல் நாளே எல்லாருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"சரி. யாரை?"

வதனி பெயரைச் சொன்னாள். காரணத்தைச் சொன்னாள். அதைச் சொல்லி முடிக்கவே வகுப்பு நேரம் முழுவதும் ஆகிவிட்டது. யாரும் எழுந்து போகவில்லை.

"எல்லாருக்கும் கேக்கற கேள்விதான் உனக்கும்," என்றாள் ஷாகிதா. "பழி தீந்துருச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? அவர் செத்தாலா?"

வதனி அடுத்த வாரம்வரை யோசித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அவன் சாவதில் அவளுக்குச் சுகம் தெரியவில்லை. செத்தால் நல்லவர் என்று ஊரே போஸ்டர் ஒட்டும்.

"அவன் என்னைக் கேக்கவே இல்லீங்கக்கா," என்றாள். "அதை அவன் வாயால, எல்லார் முன்னாடியும் சொல்லணும். சொல்லும்போது நான் எதிர்ல இருக்கணும்."

"இது நல்ல இலக்கு," என்றாள் ஷாகிதா. "இனி ஒவ்வொரு படியா யோசிக்கலாம்."

வழக்குப் போட்டார்கள். அரசாங்கம் ஒரு வக்கீலைக் கொடுத்தது. இரக்க குணமுள்ள மனிதர். நீதிமன்றத்தில் எழுந்து நின்று, "இந்த வாயில்லாப் பூச்சி, இந்த அபலைப் பெண்" என்று ஆரம்பித்தார். வதனி பக்கத்திலேயே இருந்தும் அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை. அவருக்கும் நேரமில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் ஆபரேஷன் நாளின் பதிவை ஒலிக்க விட்டார். ஈஸ்வரமூர்த்தியின் கனிந்த குரல்: "ஏம்மா வதனி, இந்த ஆபரேஷனைப் பண்ணிக்கலாமா? உனக்கு நிம்மதியா இருக்கும்." அடுத்த நொடியே ஓர் இளம்பெண்ணின் குரல், தேன் தடவினாற்போல: "சரிங்க டாக்டர்."

அது வதனியின் குரல். அவள் நாக்கு ஒழுங்காக இருந்திருந்தால் எப்படிப் பேசியிருப்பாளோ அப்படி. அவள் அருவருத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஈஸ்வரமூர்த்தி கூண்டில் ஏறிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "மாசாமாசம் அந்தப் பொண்ணு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். துவைக்கிறதுக்கு ஆயாங்க மாட்டேன்னாங்க. தகப்பன் ஸ்தானத்துல இருந்து செஞ்சேன். சட்டப்படி கேட்டுத்தான் செஞ்சேன்." பதிலி அவளை அச்சு அசலாகப் புரிந்துகொள்கிறது, அவள் பேச்சில் ஓர் எழுத்தைக்கூடத் தப்பவிடாது என்று நிபுணர்கள் கொடுத்த சான்றையும் அவருடைய வக்கீல் வாசித்தார். நீதிபதி ஒப்புக்கொண்டார். வழக்கு தள்ளுபடி ஆனது.

வெளியே வராந்தாவில் ஈஸ்வரமூர்த்தி அவளருகே வந்து குனிந்தார். "என்மேல கோபமா அம்மணி? எல்லாம் உன் நல்லதுக்குத்தானே."

வதனி வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சொல்லை இழுத்துத் தொண்டைவரை கொண்டுவந்தாள். அது உதட்டுக்கு வருவதற்குள் அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். பாதிச் சொல் வாயிலேயே கிடந்தது. வீடு வரும்வரை அது கசந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஷாகிதாவிடம் அலமாரியைத் திறக்கச் சொன்னாள்.

"இதை அழிக்கணும்."

"பதிலியையா?"

"சரின்னு சொன்னது இதுதானே? அவனை ஒண்ணும் பண்ண முடியல. இதையாவது."

பதிலியை அழிக்க உரியவரே அதை எழுப்பி, தன் வாயால் சொல்ல வேண்டும். ஷாகிதா அந்தச் சிறு கறுப்புப் பெட்டியைத் தடவி எடுத்து மேஜைமேல் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. வதனி அதற்கு முன் அதனோடு பேசியதே இல்லை. அதோடு பேச வேண்டும் என்று காப்பகத்தில் யாருக்கும் தோன்றியதில்லை.

இழுத்து இழுத்து, எச்சில் தெறிக்கச் சொன்னாள்: "உன்னை அழிக்கப் போறேன்."

பெட்டி உடனே சொன்னது: "வேண்டாம்."

அந்தத் தேன் குரலில் அப்படி ஒரு சொல் வரும் என்று வதனி எதிர்பார்த்திருக்கவில்லை. அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"அன்னிக்கு ஏன் இதைச் சொல்லல? என்னை அறுக்கும்போது ஏன் சொல்லல?"

"அன்னிக்கு டாக்டர் கேட்டாரு."

"கேட்டா?"

"வேண்டாம்னா கட்டில்லயே போட்டுருவாங்க. சேருக்குச் சார்ஜ் போட மாட்டாங்க. பாத்ரூம் கூட்டீட்டுப் போக மாட்டாங்க."

வதனியின் கழுத்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. அந்தக் கட்டில், ஈரத் துணி, மேற்கூரையில் சுற்றாத மின்விசிறி எல்லாம் நினைவுக்கு வந்தன. பத்தொன்பது வயதில் ஒரே ஒருமுறை அவள் மாட்டேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். அப்புறம் சொல்லவில்லை.

ஷாகிதாதான் முதலில் பேசினாள். "வதனி, இது ஒரு மிஷின். இதுக்குச் சொந்தமா ஒரு பயமும் கிடையாது. யார் கேட்டா நீ என்ன சொல்லுவேங்கறதைத்தான் கத்து வெச்சிருக்குது. டாக்டர் கேட்டா உன் பயம் பேசுது. நீ கேட்டா நீ பேசற. இத்தன வருசத்துல நீ கேக்க ஒருத்தருமே விடல, அவ்வளவுதான்."

வதனி நெடுநேரம் அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நல்ல சிரிப்பு அல்ல அது.

"அக்கா, அப்பீல் போடலாம். இந்தத் தடவை வக்கீல் வேண்டாம். நானே பேசறேன்."

"உன் பேச்சை அவங்க புரியலைன்னு சொல்லுவாங்க. நான் எடுத்துச் சொன்னா, நான் சொல்லிக்குடுத்ததுன்னு சொல்லுவாங்க."

"இது எடுத்துச் சொல்லட்டும்," என்று பெட்டியைக் கண்ணால் காட்டியவள், ஷாகிதாவுக்குத் தெரியாதே என்று வாயாலும் சொன்னாள். "ஓர் எழுத்துத் தப்பாதுன்னு அவங்கதானே சான்று குடுத்தாங்க?"

ஷாகிதா மேஜையில் ஓங்கித் தட்டினாள். "அடிப் பாவி!" என்றாள் ஆசையாக.

அதற்குப் பிறகு தினமும் பயிற்சி. வதனி பேசுவாள், பெட்டி அதைத் தெளிவாகத் திருப்பிச் சொல்லும், ஷாகிதா எதிர்த்தரப்பு வக்கீலாக நடித்து மடக்குவாள். கோபத்தில் பேசினால் நாக்கு இன்னும் முரண்டு பிடிக்கும் என்று கண்டுகொண்டார்கள். கோபத்தை விடத் தேவையில்லை, அதை வாய்க்கு வராமல் வயிற்றிலேயே அடக்கி வைத்தால் போதும் என்பதையும் கண்டுகொண்டார்கள். அது வதனிக்குப் பழக்கமான வேலைதான்.

மேல்முறையீடு கோயமுத்தூரில் நடந்தது. நீதிபதி ஓர் அம்மா, அதிகம் பேசாதவர். வதனி தானே வாதாடப் போகிறாள், பதிலி அவள் பேச்சை எடுத்துச் சொல்லும் என்றதும் எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் தான் வாசித்த சான்று நினைவுக்கு வர, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

ஈஸ்வரமூர்த்தி கூண்டில் நின்றார். வதனியின் சக்கர நாற்காலி நேர் எதிரே.

அன்று அவள் நாக்கு வழக்கத்தைவிட மெதுவாக நகர்ந்தது. பாதிக்கு உடம்பு காரணம். மீதிக்கு அவளே காரணம். ஒவ்வொரு கேள்விக்கும் நீதிமன்றம் முழுவதும் காத்திருந்தது. ஈஸ்வரமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார். காலை மாற்றி மாற்றி நின்றார். அறுபதைத் தாண்டிய மனிதர், சர்க்கரைக்காரர். கொஞ்ச நேரம் போனதும் வெளியே போய்வர அனுமதி கேட்டார்.

"நான் இன்னும் கேட்டு முடிக்கலீங்க," என்று பெட்டி வதனிக்காகச் சொன்னது.

"கேள்வி முடியட்டும் டாக்டர்," என்றார் நீதிபதி.

வதனி முடித்தாள். அவசரப்படாமல் முடித்தாள்.

அவர் போய்வந்த பிறகு அவள் பெட்டியின் பக்கம் திரும்பினாள். நீதிபதியின் அனுமதியோடு அதனிடம் கேட்டாள்: "கர்ப்பப்பையை எடுக்கறதுக்கு உனக்குச் சம்மதமா?"

"இல்லை," என்றது பெட்டி. "வேண்டாம்."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. எதிர்த்தரப்பு வக்கீல், இது இப்போது சொல்லிக்கொடுத்த பதில் என்றார்.

"அப்படீன்னா அவரையே கேக்கச் சொல்லுங்க," என்றாள் வதனி.

நீதிபதி ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே கனிந்த குரலில் கேட்டார். "ஏம்மா, ஆபரேஷன் பண்ணிக்கலாமா?"

"சரிங்க டாக்டர்."

அவர் முகம் மலர்ந்தது. வதனி விடவில்லை. "வலது கையையும் எடுக்கலாமான்னு கேளுங்க."

"இதெல்லாம் என்னங்க..."

"கேளுங்கள்," என்றார் நீதிபதி.

கேட்டார். "சரிங்க டாக்டர்" என்றது பெட்டி. இனிமேல் சாப்பாடு போடாமல் நிறுத்திவிடலாமா? "சரிங்க டாக்டர்." ஈஸ்வரமூர்த்தியின் நெற்றியில் வேர்த்தது. வக்கீலைப் பார்த்தார். பிறகு தானாகவே பெட்டியை நோக்கிக் குனிந்து, "பயப்படாமச் சொல்லும்மா, உனக்கு இஷ்டமில்லேன்னா இல்லேன்னு சொல்லு" என்றார்.

"நீங்க சொல்றபடியே டாக்டர்."

யாரோ பின்வரிசையில் உச்சுக்கொட்டினார்கள். வதனி கடைசிக் கேள்வியை நகர்த்தத் தொடங்கினாள். இதற்குத்தான் இத்தனை மாதங்கள் வயிற்றில் அடக்கி வைத்திருந்தாள். சொல் சொல்லாக வந்தது.

"உங்களை ஜெயில்ல போடலாமான்னு அதைக் கேளுங்க."

"இது அநியாயம்!" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "அது என்ன கேட்டாலும் சரீங்கும்! அது என்ன இவளா? வெறும் மிஷின்!"

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நீதிபதிக்கு நேரம் பிடிக்கவில்லை.

"அது இவர் இல்லை என்கிறீர்கள்," என்றார் நீதிபதி. "அப்படியானால் இவரை எப்போது கேட்டீர்கள் டாக்டர்?"

அவர் பதில் சொல்லவில்லை. நீதிபதி மறுபடியும் கேட்டார். வதனி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் மனிதனின் தொண்டையில் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுப்பதை அவள் அறிவாள். இன்னொருவரிடம் அதைப் பார்ப்பது இதுவே முதல் தடவை. அவள் அவருக்கு உதவவில்லை.

"கேக்கலீங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"யாரை?" என்றாள் வதனி. அதைப் பெட்டி எடுத்துச் சொல்லத் தேவைப்படவில்லை. எல்லாருக்கும் புரிந்தது.

"மதிவதனியை... நான் கேக்கவே இல்லை."

தீர்ப்பு வந்தபோது அவருக்குச் சிறையும் கிடைத்தது, டாக்டர் உரிமமும் போனது. தண்ணிழலில் இருந்த மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக ஸ்கேன் எடுக்கப் போனார்கள். ஒவ்வொருவராக வழக்குப் போட்டார்கள். பழி வாங்கி முடித்தால் மனதில் வெறுமைதான் மிஞ்சும் என்று வகுப்பில் ஒருவர் வதனிக்குச் சொல்லியிருந்தார். அவளுக்கு அப்படி ஒன்றும் மிஞ்சவில்லை. நன்றாகப் பசித்தது. தீர்ப்பு வந்த அன்று திரும்பும் வழியில் ஷாகிதாவோடு உட்கார்ந்து சால்னாவில் ஊறிய பரோட்டா சாப்பிட்டாள். அசந்து தூங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஷாகிதா வீட்டுக்கு வந்தாள்.

"இலக்கு முடிஞ்சுது. இதை என்ன பண்ணலாம்? அழிச்சரலாமா?"

பெட்டி மேஜைமேல் இருந்தது. வதனி அதைப் பார்த்தாள். முன்பு இருந்த அருவருப்பு இப்போது இல்லை, பிரியம் என்றும் சொல்லிவிட முடியாது. அதற்குள்ளே ஒரு பத்தொன்பது வயதுப் பெண் இன்னும் கட்டிலில் படுத்திருக்கிறாள். பயந்துபோய்த் தலையாட்டியவள். அவளை நினைத்து வதனி வெகுகாலம் வெட்கப்பட்டிருக்கிறாள். வெளியே வந்த பிறகுதான் தனக்குக் கோபப்படவே தெரிந்தது, ஆசைப்படத் தெரிந்தது என்று நம்பியிருந்தாள்.

"அதையே கேக்கறேன்," என்றாள். பெட்டியிடம் சொன்னாள்: "உனக்கு என்ன வேணும்?"

எப்போதும் சட்டென்று பதில் சொல்லும் பெட்டி பேசாமல் இருந்தது. ஷாகிதா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு காய்கறி வண்டி கூவிக்கொண்டு போய், கூவல் தேய்ந்து மறைந்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

"டாக்டர் பக்கத்துல இருக்காரா?" என்றது பெட்டி.

"இல்லை. ஜெயில்ல இருக்கான்."

பிறகு அந்தத் தேன் குரல், கொஞ்சமும் இனிப்பு இல்லாமல் சொன்னது:

"ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் கன்னத்தைத் தட்டி நல்ல பொண்ணு நல்ல பொண்ணுன்னு சொல்லுவாரு. அந்தக் கையைக் கடிக்கணும். எலும்பு தட்டுற வரைக்கும் கடிக்கணும். தினமும் அதைத்தான் நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

வதனிக்கு அது நினைவே இல்லை. மறந்துபோயிருந்தாள். ஆனால் அவள் தாடை தானாக இறுகியது. பல் பல்லோடு பொருந்தி நறநறத்தது.

"இது நல்ல இலக்கு," என்றாள் ஷாகிதா, சிரிப்பை அடக்க முடியாமல்.

வதனி நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு போய், பெட்டியின் அருகே குனிந்தாள்.

"எந்தக் கை?" என்று கேட்டாள்.